தேவநாதன் பதினாலு அடியில் நின்ற சித்திரை

1985-ஆம் வருஷம் அக்டோபர் இருபத்தெட்டாம் தேதி, திங்கட்கிழமை காலை எட்டேகால் மணிக்கு, திண்டிவனம் தீர்த்தக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் தேவநாதன் தரையிலிருந்து இரண்டு விரற்கடை மேலே எழும்பினார். அன்றைக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை முந்நூற்றுப் பத்து ரூபாய், தக்காளி கிலோ ஒன்றேகால். எழும்பும்போது அவர் கையில் ஒரு பழுப்பு உறை இருந்தது. தொண்டியாறு ஆயில்ஸ் லிமிடெட் என்ற புதுக் கம்பெனியில் பத்து ரூபாய் வீதம் அவருக்கு நூறு பங்கு ஒதுக்கப்பட்டிருப்பதாக அதற்குள்ளிருந்த கடிதம் தெரிவித்தது. கடிதத்தைப் படித்துவிட்டு, சீக்கிரமே இது பன்னிரண்டுக்குப் போகும் என்று அவர் மனசுக்குள் நினைத்ததுதான் தாமதம், குதிகால் இரண்டும் தரையை விட்டன. அவருடைய மனைவி அம்சவள்ளி அப்போது வீடு கூட்டிக்கொண்டிருந்தாள். வழக்கம்போல் "காலத் தூக்குங்க" என்று சொல்லிக்கொண்டே விளக்குமாற்றை நீட்டியவள், அது அவர் காலுக்குக் கீழே புகுந்து எதிலும் இடிக்காமல் மறுபக்கம் வந்ததைப் பார்த்தாள். நிமிர்ந்து ஒரு தரம், குனிந்து ஒரு தரம் பார்த்தாள்.

"இன்னாங்க, தரையில நில்லுங்க. காபி ஆறுது" என்றாள்.

தேவநாதன் விழுப்புரம் ஜங்ஷனில் டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தா. தினமும் காலைப் பாசஞ்சரில் ஏறி, மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் தலையை வெளியே நீட்டி ஒருத்தரிடமாவது சௌக்கியம் கேட்டுக்கொண்டு போகிறவர். அம்சவள்ளி கடைத்தெருவில் எவர்சில்வர் பாத்திரக்கடை நடத்தினாள். குண்டானோ தூக்குவாளியோ எது வாங்கினாலும் பேரும் தேதியும் வெட்டிக் கொடுப்பாள். தேதி வெட்டாத பாத்திரத்தைச் சீர்வரிசையில் வைத்தால் சம்பந்தி வீட்டார் இரவல் என்று நினைத்துவிடுவார்கள் என்பதால், அவளுடைய வெட்டு மெஷின் ஓயாமல் கீச்சிட்டுக்கொண்டே இருக்கும். இரண்டு பேரும் அதுவரை தரையில் நடந்துதான் பழக்கம். ஆனால் மார்கழியில் பங்கு பதினெட்டுக்குப் போனபோது தேவநாதன் நாலடிக்குப் போனார். டிக்கெட் வாங்க வந்தவர்கள் கவுன்ட்டர் கண்ணாடி வழியாக அவருடைய முழங்காலிடம் "மெட்ராஸ் ஒண்ணு" என்று கேட்டு, மேலேயிருந்து டிக்கெட் விழும்வரை பொறுமையாக நின்றார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் இதைப் பற்றி மேலிடத்துக்கு எழுதினார். பார்சல் ஆபீசிலிருந்து இருபது கிலோ எடைக்கல் இரண்டை இரவல் வாங்கி ஊழியரின் காலில் கட்டிக்கொள்ளலாம் என்று பதினொரே நாளில் பதில் வந்தது. கட்டிக்கொண்டார். இடுப்புயரத்துக்கு இறங்கினார். வேலை நடந்தது.

எதிர்வீட்டுச் சவுரிராயன் தையல்காரர். ஊரில் நல்ல டேப் அவரிடம்தான் இருந்தது என்பதால், காலையில் எடைக்கல் கட்டுவதற்கு முன்னால் வந்து, தேவநாதனின் குதிகாலுக்கும் தரைக்கும் நடுவே டேப்பைப் பிடித்து அளந்து, தன் கடை வாசல் சிலேட்டில் சாக்கட்டியால் எழுதிவைப்பது அவர் வழக்கமாயிற்று. ஒரு மாதத்துக்குள் திண்டிவனத்தில் பங்கு வைத்திருந்த அத்தனை பேரும் பேப்பரில் வியாபாரப் பக்கம் பார்ப்பதை விட்டார்கள். பேப்பர் விலை தொண்ணூறு காசு, சிலேட்டுக்குக் காசில்லை. விழுப்புரத்திலிருந்து வந்த பங்கு ஏஜென்ட்கூட சிலேட்டைப் பார்த்துத்தான் விலை சொன்னார். மாசியில் பங்கு முப்பத்தொன்று. தேவநாதன் பத்தடி இரண்டு அங்குலம். இத்தனைக்கும் கம்பெனி ஒரு சொட்டு எண்ணெய் ஆட்டியிருக்கவில்லை. மயிலம் சாலையில் ஒரு காம்பவுண்டு சுவரும், அதில் நீல எழுத்தில் கம்பெனியின் பேரும், சுவருக்குள்ளே நாலு ஆடுகளும் இருந்தன.

இந்த நிலையில்தான் பங்குனி பிறந்த மூன்றாம் நாள் ஊருக்குள் அம்மை வந்தது. அரசாங்க டாக்டர் சின்னம்மை என்றார், கொப்புளத்தைக் கிள்ளாதீர்கள் என்றார், கூட்டம் சேராதீர்கள் என்றார். ஊர் அதையெல்லாம் கேட்டுக்கொண்டு, ஆத்தா வந்திருக்கிறாள் என்று சொல்லி வாசலில் வேப்பிலை செருகியது. வேப்பிலை செருகிய வீட்டில் தாளிக்கக் கூடாது. புதுத்துணி, புதுப்பாத்திரம் வாங்கக் கூடாது. படுத்திருப்பவரின் மனசைக் கலக்கும் எந்தச் சேதியும் உள்ளே போகக் கூடாது, அவர் எதைக் கேட்டாலும் ஆத்தாளே கேட்டதாக எடுத்துக்கொண்டு மறுக்காமல் கொடுத்துவிட வேண்டும். அம்மை இறங்கியவர் தலையில் மூன்றாவது தரம் வேப்பிலைத் தண்ணீர், அதாவது மூன்றாந்தண்ணீர், ஊற்றித்தான் எல்லாம் பழையபடி. இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த விதிகள்தான். ஆனால் அந்த வருஷம் வேப்பிலை செருகாத வீடு என்று ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை ரோட்டோர வேப்பமரங்கள் ஒரு இலை மிச்சமில்லாமல் மொட்டையாகி, நிழலுக்கு ஒதுங்கிய பஸ் பிரயாணிகள் மரத்தின் மேல் துண்டைப் போர்த்தி அதன் கீழே நின்றார்கள். மளிகைக் கடைகளில் விற்காத கடுகு மூட்டைக்குள்ளேயே முளைத்து, ஓலக்கூர் பக்கத்து ஆடுகள் கடைக்குள் நுழைந்து மேய்ந்தன. எண்ணெய்க் கடைக்காரர் ஒருவர் நாற்பது நாள் டின்னைத் திறக்கவில்லை. திறந்தபோது தவளை ஒன்று எண்ணெய்க்குள்ளிருந்து அவரைப் பார்த்து, எதற்குத் திறந்தாய் என்பதுபோல் மறுபடி உள்ளே போயிற்று. டீக்கடைகள் மிச்சம் பிடிப்பதற்காகப் பேப்பர் வாங்குவதை நிறுத்தின. அம்சவள்ளியின் கடையில் ஐம்பத்திரண்டு நாளுக்கு ஒரு கரண்டி விற்கவில்லை. வெட்டு மெஷின் சத்தமில்லாமல் தெருவே காது கேளாதவர்கள் குடியிருக்கும் தெருபோல ஆயிற்று. சவுரிராயனுக்குத் தைக்க ஒரு ஜாக்கெட் இல்லை.

ஊரில் ஒரு வீட்டிலும் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாத அந்த நாட்களில் எண்ணெய்க் கம்பெனிப் பங்கு மட்டும் சிலேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. தேவநாதன் உத்திரத்தில் தலை இடித்துக்கொண்டு படுத்திருந்தார். கூழ்க் கிண்ணத்தைத் தொரட்டிக் கோலில் மாட்டி மேலே நீட்டும்போது அம்சவள்ளி கேட்டுவிட்டாள்.

"ஊரே தாளிக்காம கெடக்குது. உங்க எண்ணெக் கம்பெனி மட்டும் இன்னாத்த வித்து ஏறுது?"

"இது இன்னிக்கிக் கணக்கு இல்ல அம்சா, நாளைக்கிக் கணக்கு. இப்ப தாளிக்காதத எல்லாம் ஜனங்க மனசுல சேத்து வெச்சிக்கினு இருக்காங்க. ஆத்தா போனதும் மொத்தமா தாளிப்பாங்க. சந்தைக்கி அது முன்னாடியே தெரியும்."

"நாளைக்கி வந்து இன்னிக்கி என் கடையில ஒரு டம்ளர் வாங்குமா, கேட்டுச் சொல்லுங்க."

தேவநாதன் கூழை உறிஞ்சினார். அது நாளைக்கு நாற்பதுக்குப் போகும் என்று சொல்லி, இன்னும் ஒரு விரற்கடை ஏறினார்.

சித்திரை ஆறாம் தேதி அவருக்கே அம்மை போட்டது. அந்தரத்தில் இருப்பவரை எட்டாது என்று நினைத்தது தப்பாயிற்று. உத்திரத்தடியில் புழுக்கம் தாங்காமல் அவரை முற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். இடுப்பில் கிணற்றுத் தாம்புக்கயிற்றைக் கட்டி மறுமுனையை ஆட்டுக்கல்லில் முடிந்து, மேலே வேப்பிலைப் பந்தல் போட்டார்கள். ஜுர வேகத்தில் ஆசையும் கூடியதால் வாரத்துக்கு இரண்டு தரம் பந்தல் கால்களை ஒரு கணு உயர்த்த வேண்டியிருந்தது. கடைசியில் பதினாலு அடியில் நின்றார். பஸ் ஸ்டாண்டிலிருந்தே பந்தல் தெரிந்தது. புதுச்சேரி பஸ்கள் அங்கே வந்ததும் மெதுவாகப் போய், பிரயாணிகள் கன்னத்தில் போட்டுக்கொள்ள நேரம் கொடுத்தன. ஊரில் மற்ற வீடுகளிலெல்லாம் அம்மை இறங்கி, அவர் ஒருவர்தான் மிச்சம் என்று ஆனபோது, பஸ் ஸ்டாண்டில் கூழ் விற்கும் வீரம்மாள் ஒரு முடிவு சொன்னாள். அம்மை விஷயத்தில் தாலுகா முழுக்க அவள் சொல்லுக்கு மறுப்புக் கிடையாது. கடைசி ஆளுக்கு மூன்றாந்தண்ணீர் ஊற்றும் வரைக்கும் எந்த வீட்டிலும் கடுகு வெடிக்கக் கூடாது, முதல் கடுகு அந்த வீட்டில்தான் வெடிக்க வேண்டும் என்றாள். விழுப்புரத்துக்கும் ஆள் அனுப்பிச் சொன்னாள். இரண்டு ஊரின் அடுப்பும் கடையும் தேவநாதனுக்காகக் காத்திருந்தன.

இந்த ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு ஒன்று அப்போது நடந்தது. அம்மை போட்டவர் ஆத்தா. ஆத்தா பதினாலு அடி உயரத்தில் இருக்கிறாள். உயரம் என்பது பங்கு விலை. ஆகவே பங்கு பதினாலு அடிக்கு ஏறியிருக்கிறது என்று ஆத்தாளே சொல்லுகிறாள் என்று ஜனங்கள் கணக்குப் போட்டார்கள். ஏஜென்ட் முப்பத்தாறு என்று விலை சொன்னார். பாத்திரத்துக்கும் துணிக்கும் எண்ணெய்க்கும் செலவாகாமல் வீட்டில் தங்கிய காசெல்லாம் ஏஜென்டின் தோல் பைக்குள் போக ஆரம்பித்தது.

சித்திரை பதினேழாம் தேதி வீரம்மாள் ஐம்பது கிராம் மஞ்சள் வாங்கிவந்து, வாசற்படிக்கு வெளியிலிருந்து நீட்டினாள். மஞ்சள் சுற்றிய காகிதம் முந்தின நாள் பேப்பர். மெட்ராஸிலிருந்து மூட்டையோடு வந்தது. அம்சவள்ளி மஞ்சளை அம்மியில் தட்டிவிட்டுக் காகிதத்தை அடுப்பில் போடப் போனவள், தொண்டியாறு என்ற எழுத்தைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டாள். தொண்டியாறு ஆயில்ஸ் நாலேகால் என்று இருந்தது. முப்பத்தொன்று என்பது மாசியோடு போய்விட்டது. மெஷின் வரவில்லை, வரப்போவதும் இல்லை, சுவர் மட்டும்தான் இருக்கிறது என்று கீழே சின்ன எழுத்தில் நாலு வரி. அவள் அதை மூன்று தரம் படித்தாள். பிறகு தலையைத் தூக்கிப் பந்தலைப் பார்த்தாள். அம்மை வீட்டுக்குள் சேதி வரக் கூடாது என்பதால், நாலு ரூபாய்ப் பங்கை வைத்துக்கொண்டு அவள் புருஷன் பதினாலு அடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கீழே கருங்கல் பாவிய முற்றம். இது அவர் காதில் விழுந்தால் அவரும் விழுவார். இடுப்பு மிஞ்சாது.

அவள் காகிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். யாருக்கும் சொல்லக் கூடாது என்று தீர்மானித்தாள். அந்தத் தீர்மானம் அரைமணி நேரம்தான் நிம்மதியாக இருந்தது. சவுரிராயன் வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, நாளைக்கி விழுப்புரம் போறேன். அம்பது பங்கு. எங்க வூட்டு ஜெயத்தோட வளையல அடகு வெச்சாச்சி. தையலு இல்ல, இதுவாச்சும் கை குடுக்கும்."

"இன்னா அவசரம், தம்பி?"

"அளந்தவனே வாங்கலன்னா ஊரு சிரிக்கும்க்கா. ஆத்தா இந்த ஒயரம் ஏறிக் காட்டிக்கினு இருக்கா."

அம்சவள்ளி அவரையும் பார்த்தாள், மேலேயும் பார்த்தாள். சவுரிராயனிடம் உண்மையைச் சொன்னால் தெருவில் கத்துவார். அவர் சாதாரணமாக நூல் கேட்டாலே மூன்றாவது தெருவில் கேட்கும். சொல்லாவிட்டால் அவர் மனைவி ஜெயத்தின் வளையலை வைத்து வாங்கிய காசு ஏஜென்டின் பைக்குள் போகும். ஒரு பக்கம் புருஷனின் இடுப்பு, ஒரு பக்கம் எதிர்வீட்டுக்காரியின் கை. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஆத்தா, உனக்கு இன்னா வேணும்?"

தேவநாதன் தூக்கத்திலிருந்து புரண்டார். "முதுகு வலிக்குது அம்சா" என்றார்.

"கேட்டியா தம்பி, ஆத்தா மெத்தை கேக்கறா. முப்பது மல்லாட்டைச் சாக்கு, ஒண்ணோட ஒண்ணு மூட்டித் தைக்கணும். உள்ள மல்லாட்டைத் தோலு ரொப்பணும். ரெட்டைத் தையலு. வர்ற வெள்ளி இல்ல, அதுக்கடுத்த வெள்ளி மூணாந்தண்ணி. அதுக்குள்ள வேணும். கூலி இப்பவே வாங்கிக்கோ."

மஞ்சள் கொடுத்துவிட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்த வீரம்மாளுக்கு இது பிடிக்கவில்லை. "ஆத்தா இருக்கற வூட்ல புதுசு எதுவும் வாங்கக் கூடாது வள்ளி. தெரியாதா உனக்கு?"

"பழைய சாக்குதானேக்கா. அதுவும் நானா கேட்டேன்? ஆத்தா கேட்டதக் குடுக்கலன்னா யாரு பதில் சொல்றது, நீங்களா நானா?"

வீரம்மாள் வாயைத் திறந்து, விதிகள் இரண்டும் ஒன்றையொன்று முட்டுவதை யோசித்து, மூடிக்கொண்டாள். அம்மை விஷயத்தில் அவளை யாரும் மடக்கியதாக அதற்கு முன்னும் பின்னும் செய்தி இல்லை. இந்த வழி இருக்கிறதென்று முதலிலேயே தெரிந்திருந்தால் பங்குனியிலேயே எத்தனையோ ஆத்தாக்கள் பன்னீர் சோடாவும் சேமியா ஐஸும் கேட்டிருப்பார்கள் என்று அம்மை இறங்கிய பிள்ளைகள் தெருவெல்லாம் புலம்பினார்கள்.

சவுரிராயன் சாக்கு தைத்தார். ஒரு சாக்கு மூட்டினால் ஒரு ஊசியாவது உடைந்தது. முப்பது சாக்குக்கு நாற்பத்தொரு ஊசி. விழுப்புரம் ரயிலை அன்றைக்கும் விட்டார், மறுநாளும் விட்டார். ஜெயம் தவிடு புடைப்பதுபோல மல்லாட்டைத் தோலைப் புடைத்துப் புடைத்து உள்ளே ரொப்பினாள். ஏஜென்ட் ஒருநாள் தானே தேடிக்கொண்டு வந்து, பங்கு நாளைக்கு நாற்பதாகிவிடும், இன்றைக்கே முடித்துவிடலாம் என்று நின்றார். சவுரிராயன் வாயில் நூலோடு, ஆத்தா வேலை முடியாமல் காசைத் தொடமாட்டேன் என்று சொல்லி, அவர் கையிலும் ஒரு கோணி ஊசியைக் கொடுத்துவிட்டார். ஏஜென்ட் மரியாதைக்கு இரண்டு முழம் தைத்துவிட்டுப் போனார். அந்த இரண்டு முழம் மட்டும் கோணல்.

அம்சவள்ளிக்கு அந்த ஒன்பது நாளும் சோறு இறங்கவில்லை. மேலேயிருந்து தேவநாதன் நாற்பதைப் பற்றியும், நாற்பதுக்குப் பிறகு ஐம்பதைப் பற்றியும், ஐம்பது வந்தால் மாடி எடுக்கலாம் என்பதைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார். அவளுக்குள் கணக்கு வேறு விதமாக ஓடியது. மூன்றாந்தண்ணீர் ஊற்றியதும் விதி முடிந்துவிடும். தெருவே உள்ளே வரும், யாராவது ஒருவர் சேதியோடு வருவார். அதற்குள் அவரைக் கீழே இறக்கியாக வேண்டும். கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், ஆட்டுக்கல்தான் மேலே வந்தது. நாளைக்கு வரப்போவதை நினைத்து ஏறியவரை, இன்றைக்கு இங்கே இருக்கிற ஒன்றைக் காட்டித்தான் இறக்க முடியும் என்று அவளுக்குத் தோன்றியது. இருபது நாளாக அவர் நாக்கில் பட்டது உப்பில்லாத கூழும் இளநீரும். பரணில் ஒரு ஜாடியில் போன கோடையில் உருட்டிக் காயவைத்த தாளிப்பு வடகம் இருந்தது.

1986 மே ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை. வெயிலில் காய்ந்த வேப்பிலைத் தண்ணீரைச் சொம்பில் எடுத்து, தொரட்டிக் கோலில் கட்டி, வீரம்மாள் தேவநாதனின் தலையில் ஊற்றினாள். பாதி அவர்மேலும் பாதி அவள்மேலும் விழுந்தது. தெருவில் ஜனம் சந்நிதியில் நிற்பதுபோல நின்றது. ஒவ்வொரு வீட்டிலும் சட்டியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்க, பெண்கள் உள்ளங்கையில் கடுகை வைத்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். அம்சவள்ளி முற்றத்துக்கு நடுவே, அவருக்குக் கீழே ஒரு முழம் தள்ளி அடுப்பு மூட்டினாள். சாக்கு மெத்தையை அடுப்புக்குப் பக்கத்தில் விரித்தாள். எண்ணெய் காய்ந்ததும் கடுகைப் போட்டாள்.

அது வெடித்த சத்தம் எதிர்வீட்டுக்குக் கேட்டது. எதிர்வீட்டுச் சத்தம் பக்கத்துத் தெருவுக்கு, பக்கத்துத் தெரு மயிலத்துக்கு, பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று ரயில் பாதையோடு வெடித்துக்கொண்டே போய்ப் பதினொரு நிமிஷத்தில் விழுப்புரத்தைத் தொட்டது. பாசஞ்சர் வண்டிகூட அவ்வளவு வேகமாகப் போனதில்லை. விழுப்புரம் ஸ்டேஷனில் அதை ஆபத்தை எச்சரிக்கத் தண்டவாளத்தில் வைக்கும் பட்டாசு என்று நினைத்து வண்டியை நாற்பது நிமிஷம் நிறுத்திவைத்தார்கள். மிளகாய் நெடியில் டிரைவருக்குக் கண் தெரியாததால் நிறுத்தாவிட்டாலும் அது போயிருக்காது. பனமலை ஏரியில் கொக்குகள் தும்மின.

அம்சவள்ளி வடகத்தை உதிர்த்துப் போட்டாள். புகை நேராக மேலே போயிற்று.

"நாப்பது ஆவட்டும் அம்சா, அப்புறம் பாரு" என்று ஆரம்பித்த தேவநாதன் நடுவில் நிறுத்தினார். மூக்கு விடைத்தது. "இன்னா கொழம்பு?"

இருபது நாளில் இன்றைக்கைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது. சரக்கென்று மூன்றடி இறங்கினார்.

"புளிக்கொழம்பு."

"கத்திரிக்காவா?"

"கத்திரிக்காயும் பச்ச மல்லாட்டையும்."

இன்னும் நாலடி. தாம்புக்கயிறு தொளதொளத்துத் தரையில் சுருண்டது. வீரம்மாள் அதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு கையால் சுருட்டினாள்.

"பூண்டு தட்டிப் போட்டியா, முழுசாவா?"

"முழுசா. நல்லெண்ணெ கடைசியில ஒரு கரண்டி."

மூன்றடி. அவருடைய நிழல் அடுப்பின் மேல் விழுந்தது.

"அப்பளம்?"

"கீழ வந்து உக்காந்தா பொரிப்பேன். அந்தரத்துல இருக்கறவங்களுக்கு அப்பளம் கெடையாது."

இரண்டடி உயரத்துக்கு வந்துவிட்டார். கையை நீட்டினால் அவள் தலையைத் தொடலாம். அப்போதுதான் வாசலில் சவுரிராயன் ஓடிவந்தார். விதி முடிந்துவிட்டது என்று தெரிந்து டீக்கடைக்காரர் ஐம்பது நாளுக்குப் பிறகு முதல் பேப்பர் வாங்கியிருந்தார். அது சவுரிராயன் கையில் இருந்தது.

"நாலு ரூவா சார். வெறும் நாலு ரூவா. சொவுரு மட்டும்தான் கீதாம்."

தேவநாதன் விழுந்தார். மெத்தை இந்தப் பக்கம் இருந்தது, அவர் அந்தப் பக்கம் விழுந்தார். ஆனால் இரண்டடிதான். உட்கார்ந்த மாதிரியே விழுந்து, இடுப்பைத் தடவிக்கொண்டு, சவுரிராயனை ஒரு தரம், சட்டியை ஒரு தரம் பார்த்தார்.

"சரி, எலையப் போடு" என்றார்.

அம்சவள்ளி அப்போதுதான் அழுதாள். மிளகாய் நெடி என்று சொல்லிக்கொண்டாள். சவுரிராயன் பேப்பரையும், முப்பது சாக்கு மெத்தையையும், அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அக்கா, என்னிய ஒம்போது நாளு சாக்கு தெக்க வெச்சது இதுக்குத்தானா?"

"அவருக்கு முதுகு வலிச்சிது தம்பி" என்றாள் அவள், அப்பளத்தைத் திருப்பிப் போட்டபடி. "ஜெயத்தையும் கூப்புடு. கொழம்பு நெறைய இருக்குது."

தேவநாதனின் கணக்கில் ஒன்று மட்டும் பொய்க்கவில்லை. ஜனங்கள் மொத்தமாகத்தான் தாளித்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் இரண்டு ஊரிலும் ஒரு சொட்டு எண்ணெய் மிச்சமில்லை, டின்னுக்குள் இருந்த தவளையையும் எடையில் சேர்த்து வாங்கிப்போனார்கள். தள்ளிப்போட்ட கல்யாணங்களுக்கெல்லாம் ஒரே நாளில் பாத்திரம் எடுத்தார்கள். அம்சவள்ளியின் வெட்டு மெஷின் சூடேறிச் சிவந்து, அதிலேயே ஒருவர் பீடி பற்றவைத்தார். திண்டிவனம் பக்கம் எந்த வீட்டில் போய்க் குண்டானைக் கவிழ்த்துப் பார்த்தாலும் 9-5-86 என்று வெட்டியிருக்கும், சந்தேகப்படுகிறவர்கள் பார்த்துக்கொள்ளலாம். சவுரிராயனுக்கு நாலு நாளில் நூற்றிருபது ஜாக்கெட் வந்தது. நல்ல ஊசி எல்லாம் சாக்கில் உடைந்துவிட்டதால் ஜெயம் செஞ்சிக்குப் போய் ஊசி வாங்கினாள், திரும்பும் வழியில் வளையலையும் மீட்டாள். ஏஜென்டிடம் பங்கு வாங்கியவர்கள் அவரை நாலு தெரு துரத்தினார்கள். பிடித்ததும் பாதிக் காசுதான் தேறியது. மீதிக்கு அவருடைய தோல் பையை ஏலம் விட்டார்கள். எண்ணெய்த் தட்டுப்பாட்டில் தொண்டியாறு ஒரு வாரம் ஆறு ரூபாய்க்குப் போய், பிறகு பேப்பரிலிருந்தே காணாமல் போயிற்று. சுவரில் இப்போதும் ஆடுகள் உரசுகின்றன. மெத்தையை வீரம்மாள் கேட்டு வாங்கிக்கொண்டாள், ஆத்தா கேட்டது என்பதால்.

தேவநாதன் பங்குகளை விற்கவில்லை. நாலு ரூபாய்க்கு உண்டான ஒரு விரற்கடை உயரம் அவரிடம் கடைசிவரை தங்கிவிட்டது. எடைக்கற்களைப் பார்சல் ஆபீசில் ரசீது வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். அதே விரற்கடையில் எட்டு வருஷம் டிக்கெட் கொடுத்துவிட்டு ரிட்டையர் ஆனார். 1986-இல் வாங்கிய செருப்பு தேயவே இல்லை என்பதில் பஸ் ஸ்டாண்டில் செருப்பு தைப்பவருக்கு மட்டும் அவர்மேல் கொஞ்சம் வருத்தம் உண்டு. மற்றபடி யாரும் ஒன்றும் சொல்வதில்லை. காலையில் அவர் பேப்பரை விரித்துக்கொண்டு முற்றத்தில் நிற்கும்போது அம்சவள்ளி வீடு கூட்டிக்கொண்டே வருவாள். காலைத் தூக்கச் சொல்வதில்லை. விளக்குமாறு அவர் காலுக்குக் கீழே போய், அந்தப் பக்கம் வந்து, தன் வேலையைப் பார்க்கும்.